டிடெக்டர் நம்பரும் அந்த நாலஞ்சு ரெஃபரன்ஸும்

வணக்கம் மேடம்,

மெட்டீரியல் சயின்ஸ்ல பிஎச்டி மூணாவது வருஷம் பண்றேன். எக்ஸ்பெரிமெண்ட் எல்லாம் நானே பண்ணினது. இங்கிலீஷ் சரியா வராததால டிராஃப்ட்ட சாட்ஜிபிடில போட்டுத் திருத்தினேன், இன்ட்ரோவுக்கு நாலஞ்சு ரெஃபரன்ஸும் அதுகிட்டயே வாங்கினேன். கைடு, எத்தன சதவீதம் ஏஐ எழுதினதுன்னு நம்பர் சொல்ற ஒரு டிடெக்டர்ல போட்டுப் பாத்துட்டு "இது உன் பேப்பரே இல்ல"ன்னுட்டார். நான் செஞ்சது தப்பா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

இங்கிலீஷ திருத்த வாங்கின உதவி தப்பில்ல. எங்க காலத்துல காசு குடுத்து ஆள் வச்சு திருத்துவோம், அத யாரும் திருட்டுன்னு சொன்னதில்ல. ஜர்னல் போடற பதிப்பகங்கள்ல ஸ்பிரிங்கர் நேச்சர்ல வெறும் மொழித் திருத்தம்னா அறிவிக்கவே வேணாம்னு இருக்கு, எல்செவியர்ல எழுதறதுக்கு ஏஐ உதவி வாங்கினா ஒரு டிக்ளரேஷன் போடணும், அதனால நீங்க அனுப்பப்போற ஜர்னலோட ரூல படிச்சிட்டு தேவைன்னா ரெண்டு வரி எழுதிடுங்க.

டிடெக்டர் நம்பர வச்சு அழாதீங்க. 2023ல ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சியாளர்கள் டோஃபெல்ங்கற இங்கிலீஷ் தேர்வுக்கு எழுதின 91 கட்டுரைய 7 டிடெக்டர்ல போட்டுப் பாத்தாங்க, அத்தனையும் மனுஷங்க எழுதினது, ஆனா சராசரியா 61 சதவீதத்த மெஷின் எழுதினதுன்னு சொல்லிடுச்சு. இங்கிலீஷ் தாய்மொழியா இல்லாம, தெரிஞ்ச கொஞ்ச வார்த்தைய வச்சு எழுதறவங்கதான் அதுல அதிகம் மாட்டறாங்க. அதோட, சாம்பிள யார் தயார் பண்ணாங்க, ராத்திரி ஃபர்னஸ் பக்கத்துல யார் உக்காந்திருந்தாங்கன்னு எந்த டிடெக்டருக்கும் தெரியாது.

எனக்கு பயமா இருக்கறது அந்த நாலஞ்சு ரெஃபரன்ஸ்தான், ஏஐ இல்லாத கட்டுரையகூட இருக்கற மாதிரி சொல்லிடும். போன வருஷம் ரிவ்யூவுக்கு வந்த ஒரு பேப்பரோட ரெஃபரன்ஸ் லிஸ்ட்ல என் பேர்லயே ஒரு கட்டுரை இருந்துச்சு, தலைப்பு, வருஷம், பக்க எண் எல்லாம் பக்காவா இருக்கு, ஆனா நான் அப்படி ஒண்ணு எழுதினதே இல்ல! அன்னிக்கு பூரா மனசே சரியில்ல.

'வெஜிடேட்டிவ் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோபி'ன்னு ஒண்ணு கேள்விப்பட்டிருக்கீங்களா? உங்க ஃபீல்டுல எஸ்இஎம், அதாவது ஸ்கேனிங் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் இல்லாம வேலையே நடக்காது, ஆனா இப்படி ஒரு டெக்னிக் உலகத்துலயே கிடையாது. 1959ல வந்த ஒரு கட்டுரைய ஸ்கேன் பண்ணப்ப பக்கத்து பக்கத்து காலம்ல (column) இருந்த வார்த்தைங்க ஒட்டிக்கிச்சு, அப்புறம் ஈரான்லேந்து வந்த சில பேப்பர்லயும் தலைகாட்டுச்சு, பாரசீகத்துல 'ஸ்கேனிங்'குக்கும் 'வெஜிடேட்டிவ்'வுக்கும் ஒரு புள்ளிதான் வித்தியாசமாம். இதெல்லாம் ஏஐ மாடல் படிச்ச டெக்ஸ்ட்ல கலந்திருக்கணும், இப்ப அந்த மாடல்களும் அதே சொல்ல எழுதுது, 20 பேப்பருக்கு மேல வந்தாச்சு. ஆத்தர், ரிவ்யூவர், எடிட்டர்னு இத்தன கண்ணு பட்டும் யாரும் நிறுத்தல பாருங்க, அதுதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது. ஏஐய ஆத்தரா போடக்கூடாதுன்னு ஜர்னல்கள் சொல்றதும் இதுக்குத்தான், நாளைக்கு ஒருத்தர் "இது எங்கேந்து வந்துச்சு"ன்னு கேட்டா பதில் சொல்ல ஒரு ஆள் வேணும்ல, உங்க பேப்பருக்கு அந்த ஆள் நீங்கதான்.

அதனால இன்னிக்கே அந்த ரெஃபரன்ஸ் ஒவ்வொண்ணோட டிஓஐயும் (கட்டுரைக்குன்னு இருக்கற ஆன்லைன் அடையாள எண்) திறந்து பாருங்க. கட்டுரை கெடைக்கலன்னா தூக்கிடுங்க, கெடைச்சா முழுசா படிச்சு நீங்க சொன்ன விஷயம் அதுல இருக்கான்னு பாத்துட்டு வைங்க. திருத்தறப்ப 'இன்க்ரீஸ்' ஆனது 'சிக்னிஃபிகன்ட்டா இன்க்ரீஸ்'னு மாறியிருக்கான்னும் பாருங்க, உங்க டேட்டா அத சொல்லலன்னா வெட்டிடுங்க. அப்புறம் பழைய டிராஃப்ட், லேப் நோட், ரா டேட்டா எல்லாத்தையும் எடுத்துட்டு கைடு முன்னாடி உக்காருங்க, எங்க ஏஐ தொட்டுச்சுன்னு நீங்களே காட்டுங்க. கோவப்படுவார், படட்டும். ஒவ்வொரு கிராஃபுக்கும் நீங்க பதில் சொல்ல ஆரம்பிச்சா யார் பேப்பர்னு அவருக்கே தெரிஞ்சிடும்.

என்ன ஆச்சுன்னு மறக்காம எழுதுங்க.