வாசகர் கேள்வி: கிண்டில் புத்தகம், ஊர் நூலகம்

என் நாவல் 'கிண்டில் செலக்ட்' திட்டத்தில் இருக்கிறது. ஊர்க் கிளை நூலகத்தில் மின்நூலாகக் கேட்கிறார்கள். பென் டிரைவில் போட்டுக் கொடுக்கலாமா?
- ஒரு வாசகி, அம்பாசமுத்திரம்

பென் டிரைவ் வேண்டாம். அது எத்தனை கைக்குப் போகும் என்று சொல்ல முடியாது. செலக்டில் சேர்ந்தால் 90 நாளுக்கு மின்வடிவம் அமேசானில் மட்டுமே இருக்க வேண்டும். வலைப்பூவில் தொடராகப் போட்ட அத்தியாயங்களும் இதில் அடக்கம். மாதிரியாகப் பத்து சதவீதம் வரை வைத்துக்கொள்ளலாம். நூலகத்துக்கு விலக்கு உண்டா என்பதை உங்கள் கணக்கில் இன்றைக்கு இருக்கும் நிபந்தனையில் பாருங்கள். பழைய யூடியூப் காணொளியை நம்பி இறங்காதீர்கள்.

வெளியேற வேண்டுமானால் கேடிபி (நாமே நூல் வெளியிட அமேசான் தரும் தளம்) புத்தக அலமாரியில் நூலுக்கான செலக்ட் விவரத்தைத் திறந்து, தானாகப் புதுப்பிக்கும் குறியை எடுத்துவிடுங்கள். எடுக்காவிட்டால் அடுத்த 90 நாள் தானாகவே ஓடத் தொடங்கும். பலர் சறுக்குவது இங்கேதான். நூலை விற்பனையிலிருந்து நீக்கினாலும் ஓடிக்கொண்டிருக்கும் தவணை முடியும்வரை கட்டுப்பாடு விடாது. வெளியே வந்தபின் இந்திய விற்பனையில் உங்களுக்கு வரும் பங்கு 70 சதவீதத்திலிருந்து 35க்கு இறங்கும். கணக்குப் பார்த்துக்கொண்டு முடிவெடுங்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? அச்சுப் பிரதிக்கு இந்தக் கட்டுப்பாடே இல்லை. நாலு பிரதி அச்சடித்து நூலகத்துக்கு அன்பளிப்பாகக் கொடுங்கள். நூலுக்கான ஐஎஸ்பிஎன் அடையாள எண் இந்தியாவில் இலவசம்.

நூலகம் ஒரு கிண்டில் கருவி வாங்கி, ஒரே கணக்கில் நூல்களை ஏற்றி இரவல் தரலாமா?
- ஒரு வாசகர், பாளையங்கோட்டை

கூடாது. மின்நூலுக்குக் காசு கொடுத்தாலும் கிடைப்பது சொந்தமாகப் படிக்கும் உரிமம்தான். புத்தகம் நம்முடையது ஆகாது. கணக்கு முடங்கினால் ஏற்றிய நூல்களும் கைவிட்டுப் போகலாம்.

அப்படியானால் அலமாரியில் உள்ளதை ஸ்கேன் செய்து கொடுத்தால்?
- அதே வாசகர்

பதிப்புரிமைச் சட்டம் 52ஆம் பிரிவில், அச்சுப்பிரதி கையில் இருந்தால், லாப நோக்கில்லாத பொது நூலகம் அதைப் பாதுகாப்புக்காக மின்வடிவில் வைத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறது. வீட்டுக்கு வீடு அனுப்ப அது இடம் தரவில்லை. உரிமை முடிந்த நூல்களுக்கு இந்தத் தடை கிடையாது: ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு கடந்தவை, நாட்டுடைமை ஆனவை. நம் புதுமைப்பித்தன் கதைகளைத் தாராளமாக ஏற்றிக் கொடுக்கலாம். ஆனால் பிற்காலப் பதிப்பாசிரியர் எழுதிய முன்னுரை, குறிப்புகளை மட்டும் விலக்கிவிடுங்கள். அவற்றுக்குத் தனி உரிமை உண்டு.