படம் இல்லாமல் பயம் நிற்குமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: 1977இல் வெளிவந்த ‘சஸ்பீரியா’ என்ற இத்தாலியத் திகில் படத்தின் இசைத்தொகுப்பை வாங்கித் தனியாகக் கேட்கும்படி நண்பர் ஒருவர் வற்புறுத்துகிறார். படம் பார்த்தபோது அந்த இசை என்னை உலுக்கியது உண்மைதான். ஆனால் பின்னணி இசை காட்சிக்காகச் செய்யப்படுவது அல்லவா? காட்சியை எடுத்துவிட்டால் அதில் என்ன மிஞ்சும்?
– வாசகர் ஒருவர், தஞ்சாவூர்

பதில்: உங்கள் நண்பர் சொல்வது சரி. எல்லாத் திகில் படங்களின் இசையும் இப்படித் தனியே நிற்பதில்லை, இது நிற்கிறது. அதற்குக் காரணம் இந்த இசை உருவான விதத்திலேயே இருக்கிறது.

பொதுவாக ஒரு படத்தைத் தொகுத்து முடித்த பிறகுதான் இசையமைப்பாளர் வேலையைத் தொடங்குவார். எந்த நொடியில் கதவு திறக்கிறது, எந்த நொடியில் கை நீள்கிறது என்று குறித்துக்கொண்டு, அந்த அளவுக்குள் அடங்கும்படி இசையை வெட்டியும் நீட்டியும் எழுதுவார். அப்படி எழுதிய இசையைத் தனியாகக் கேட்டால், யாரோ ஒருவர் தொலைபேசியில் பேசுவதை இந்தப் பக்கத்திலிருந்து மட்டும் கேட்பது போல இருக்கும். எதிர்முனையில் என்ன நடந்தது என்று தெரியாமல், திடீர்த் திடுக்கிடலும் காரணமற்ற மௌனமும் மாறி மாறி வரும். ‘சஸ்பீரியா’வின் இயக்குநர் தாரியோ அர்ஜென்டோ இந்த வரிசையைத் தலைகீழாக்கினார். படப்பிடிப்புக்கு முன்பே காப்ளின் என்ற ராக் இசைக்குழுவிடம் இசையைக் கேட்டு வாங்கி, நடிகர்கள் நடமாடும் தளத்தில் அதை உரக்க ஒலிக்கவிட்டார். இறுதிப் பதிவு பின்னால்தான் நடந்தது என்றாலும், இசையின் அடிப்படை உருவம் காட்சிக்குக் காத்திருக்காமல் பிறந்துவிட்டது. தனக்கென ஒரு தொடக்கமும் வளர்ச்சியும் முடிவும் கொண்டு அது முதலிலேயே அமைந்ததால், படத்தை விட்டுப் பிரியும்போது அதற்குக் காயம் ஏற்படுவதில்லை.

தொகுப்பின் முதல் உருப்படி படத்தின் பெயரையே தாங்கியது. ஏறத்தாழ ஆறு நிமிடம் நீள்வது. செலஸ்தா என்ற சிறிய விசைப்பலகைக் கருவியும் மணிகளும் சேர்ந்து, குழந்தைகளின் இசைப்பெட்டியில் வருவது போன்ற ஒரு மெட்டைத் திரும்பத் திரும்ப வாசிக்கத் தொடங்குகின்றன. நான்கைந்து சுரங்களுக்குள் சுற்றிவரும் எளிய மெட்டு அது. தாலாட்டு என்று சொன்னாலும் நம்பிவிடலாம். பிறகு அதன்மேல் பூசூக்கி என்ற கிரேக்கத் தந்தி வாத்தியம் கனமாக விழுகிறது. அதற்கும் கீழே ஒரு தாளம் குத்துகிறது. இவற்றோடு, விசைப்பலகைக் கலைஞர் கிளாடியோ சிமொனெட்டி அதே மெட்டைக் கரகரத்த கிசுகிசுப்பில் ‘ல ல ல’ என்று கூடவே பாடுகிறார். தாலாட்டை யாரோ நம் காதருகே வந்து, நம்மோடு சேர்ந்து பாடுகிறார்கள் என்ற உணர்வு அந்த இடத்தில்தான் எழுகிறது. அது எழுவதற்கு எந்தக் காட்சியும் தேவையில்லை. நடுவில் மெட்டு அறுந்து, மின்னணு விசைப்பலகையும் டிரம்ஸும் பாய்ந்தோடும் ராக் பகுதி ஒன்று வருகிறது. அது ஓய்ந்ததும் பழைய மணிகள் ஒன்றுமே நடக்காதது போலத் திரும்புகின்றன. நான் இந்தத் தொகுப்பைப் படம் பார்ப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே நண்பர் ஒருவர் பதிந்து கொடுத்த ஒலிநாடாவில் கேட்டவன். இந்தத் திரும்பல் வரும் இடத்தில் ஒலியைக் குறைக்க என் கை தானாகப் போனது இன்றும் நினைவிருக்கிறது.

‘சைஸ்’ என்ற நான்காம் உருப்படி இதைவிடத் துணிச்சலானது. அதில் டிரம்ஸ் இல்லை. மின்சாரம் இல்லாத சாதாரண கிதாரின் தந்திகளை வெறிபிடித்தது போல மீட்டிக்கொண்டே போக, அதைச் சுற்றிப் பெருமூச்சுகளும் முனகல்களும் குரல்களும் குவிகின்றன. பெருமூச்சுகள் என்பதே அந்தத் தலைப்பின் பொருள். படத்தின் தலைப்பும் லத்தீனில் அதையே குறிக்கிறது. ஐந்து நிமிடத்துக்கு மேல் நீளும் இந்த உருப்படி வெறும் ஓலமாகச் சிதறிவிடாமல் கட்டுக்குள் நிற்பதற்கு அந்தக் கிதாரின் விடாப்பிடியே காரணம் என்று நான் கருதுகிறேன். இதற்கு மாறாக, ‘விட்ச்’ என்ற இரண்டாம் உருப்படியில் முரசொலியும் அலறலும் மட்டுமே முன்னிற்கின்றன. தனியாகக் கேட்கும்போது எனக்குப் படம் தேவைப்படும் இடம் அதுதான்.

தொகுப்பின் இரண்டாம் பக்கத்தைப் பற்றியும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ‘பிளாக் ஃபாரஸ்ட்’, ‘பிளைண்ட் கான்சர்ட்’ என்ற இரண்டு நீண்ட உருப்படிகளும் காப்ளின் குழுவினர் நால்வரின் வாசிப்புத் திறமையை நன்றாகக் காட்டுகின்றன; ஃபாபியோ பின்யாட்டெல்லியின் பேஸ் கிதாரை மட்டும் தனியாகப் பின்தொடர்ந்து கேட்டாலே நேரம் போய்விடும். ஆனால் பயம் அங்கே இல்லை. அவை அந்தக் காலத்து நல்ல இத்தாலிய ராக் இசை, அவ்வளவே. முதல் பக்கம் இசையாகவும் இருந்து பயமாகவும் இருக்கிறது. இரண்டாம் பக்கம் இசையாக மட்டும் இருக்கிறது. முழுத் தொகுப்பும் 33 நிமிடம்தான் என்பதால் இந்த வேறுபாடு கேட்பவரைக் களைப்படையச் செய்வதில்லை. பின்னாளில் வந்த குறுந்தகட்டில் தலைப்பிசையின் செலஸ்தாவும் மணிகளும் மட்டும் ஒலிக்கும் வடிவம் ஒன்று சேர்க்கப்பட்டிருக்கிறது; தாளமும் கிசுகிசுப்பும் என்ன வேலை செய்கின்றன என்பதை அவை இல்லாத அந்த வடிவத்தில்தான் நான் முழுதாக உணர்ந்தேன்.

படத்தில் மட்டுமே கிடைக்கும் ஒன்று உண்டு. தொடக்கத்தில் நாயகி விமான நிலையத்திலிருந்து வெளியே வரும்போது, தானியங்கிக் கண்ணாடிக் கதவு திறக்கும்போதெல்லாம் இந்த மணியிசை உள்ளே வருகிறது. கதவு மூடியதும் அறுந்துவிடுகிறது. இசை வெளியே, மழைக்குள், அவளுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது என்று ஒரு சொல்கூட இல்லாமல் சொல்லும் இடம் அது. இசைத்தட்டில் அந்தக் கதவு இல்லை. அந்த இழப்பு உண்மையானது.

கேள்வி: ‘சஸ்பீரியா’ தலைப்பிசையில் தபலா கேட்பது போல இருக்கிறது. என் பிரமையா?
– வாசகி ஒருவர், மயிலாடுதுறை

பதில்: பிரமை இல்லை. பின்யாட்டெல்லி வாசித்த கருவிகளில் தபலாவும் ஒன்றாக அந்தத் தொகுப்பில் குறிக்கப்பட்டிருக்கிறது. நாம் கச்சேரியில் கேட்கும் விரல் நுணுக்கத்தை அதில் தேட வேண்டாம். கனத்துக்காகவும் அதிர்வுக்காகவும் அதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

கேள்வி: இயக்குநர் ஜான் கார்ப்பென்டரின் ‘ஹாலோவீன்’ திகில் படத்தின் தலைப்பிசையைப் பியானோவில் எவரும் எளிதாக வாசித்துவிடலாம் போலிருக்கிறது. ஆயினும் அது ஏன் இப்படித் தொந்தரவு செய்கிறது? அந்தத் தொகுப்பும் தனியாகக் கேட்கத் தகுந்ததா?
– கல்லூரி மாணவர், திருநெல்வேலி

பதில்: விரலுக்கு எளிதுதான், கணக்குதான் நம்மைக் குழப்புகிறது. மேற்கத்திய ஜனரஞ்சக இசை பெரும்பாலும் நான்கு நான்காக நடக்கும். 1978இல் வந்த இந்தப் படத்தின் மெட்டு ஐந்து எண்ணிக்கையில் நடக்கிறது. சங்கீதம் கற்றவர்களுக்குக் கண்ட நடை என்றால் உடனே புரியும். பியானோவின் வலக்கை வாசிப்பதைக் கொன்னக்கோலில், அதாவது தாளச் சொற்களாக வாயால், சொல்லிப் பாருங்கள்: ‘தகிட தகிட தக தக’, மீண்டும் ‘தகிட தகிட தக தக’. மொத்தம் பத்து அட்சரம். முதல் இரண்டு ‘தகிட’ வரை நிதானமாக நடந்த கால், அடுத்த இரண்டு ‘தக’வில் அடி வைப்பதை விரைவுபடுத்துவது போல இருக்கிறது. பின்னால் யாரோ வருகிறார்கள் என்று தெரிந்தும் ஓடாமல், நடையை மட்டும் கூட்டுகிற ஒருவரின் கால் அது. இசைப் பேராசிரியரான தன் தந்தை சிறுவயதில் போங்கோ முரசில் கற்றுக்கொடுத்த ஐந்து எண்ணிக்கைத் தாளமே இதற்கு விதை என்று கார்ப்பென்டர் சொல்லியிருக்கிறார். இசை சேர்க்கப்படாத படத்தைப் பார்த்த ஸ்டூடியோ அதிகாரி ஒருவர் கொஞ்சமும் பயப்படவில்லை என்றும், அதன் பிறகு சில நாட்களுக்குள் தானே இந்த இசையை அமைத்தார் என்றும் அவரே பலமுறை கூறியிருக்கிறார்.

ஆனால் தொகுப்பு என்று வந்தால் என் பதில் மாறுகிறது. அந்த மெட்டு மகத்தானது, தொகுப்பு மெலிந்தது. தலைப்பிசையைத் தாண்டிய பெரும்பாலான பகுதிகள், ஒரு சுரத்தை அழுத்திப் பிடித்து அதன்மேல் இரண்டு மூன்று சுரங்களைச் சொட்டவிடும் சிறு துண்டுகள். இருட்டில் நிற்கும் உருவத்தை நம் கண் தேடும்போது அவை தேவையான வேலையைச் செய்கின்றன. தேட ஒன்றும் இல்லாதபோது நின்ற இடத்திலேயே நிற்கின்றன. கார்ப்பென்டரை இசைக்காக மட்டும் கேட்க விரும்பினால், 2015இல் அவர் தன் மகன் கோடி கார்ப்பென்டரோடும் டேனியல் டேவிஸோடும் சேர்ந்து வெளியிட்ட ‘லாஸ்ட் தீம்ஸ்’ தொகுப்பிலிருந்து தொடங்குங்கள். எந்தப் படத்துக்காகவும் எழுதப்படாத இசை அது; அதே கை, அதே இருள், ஆனால் ஒவ்வோர் உருப்படியும் தன் போக்கில் வளர்ந்து முடிகிறது.

கேள்வி: ‘சைக்கோ’ படத்தின் குளியலறைக் காட்சி இசை உலகப் புகழ் பெற்றது. அந்தப் படத்தின் இசைத்தட்டுகளில் எதை வாங்குவது? பல பதிவுகள் இருப்பதாகச் சொல்கிறார்கள்.
– வாசகர் ஒருவர், கோயம்புத்தூர்

பதில்: நீங்கள் கேட்டது நல்ல கேள்வி, ஏனென்றால் 1960இல் படம் வந்தபோது அதன் இசைத்தட்டு என்று எதுவும் வெளியாகவில்லை. நமக்குக் கிடைப்பவை எல்லாம் பின்னால் புதிதாக வாசித்துப் பதிவு செய்யப்பட்டவை. இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் 1968இல் இந்த இசையை ஏறத்தாழக் கால்மணி நேரம் ஓடும் ஒரே தொடராகக் கச்சேரிக்கு ஏற்றபடி அமைத்து, லண்டன் ஃபில்ஹார்மானிக் இசைக்குழுவைக் கொண்டு பதிவு செய்தார். பிறகு 1975இல், தாம் இறந்த அதே ஆண்டில், நேஷனல் ஃபில்ஹார்மானிக் இசைக்குழுவோடு முழு இசையையும் பதிவு செய்தார். ஜோயல் மெக்நீலி நடத்தி 1997இல் வந்த ராயல் ஸ்காட்டிஷ் தேசிய இசைக்குழுவின் பதிவும் கிடைக்கிறது.

முதலில் 1968இன் சுருங்கிய வடிவத்தைக் கேளுங்கள் என்பதே என் பரிந்துரை. தன் இசை படத்தை விட்டு வெளியே வரும்போது எதைக் கழித்துக்கொள்ள வேண்டும் என்பது ஹெர்மனுக்குத் தெரிந்திருக்கிறது. ஏறத்தாழ நாற்பது சிறு துண்டுகளாகக் கிடந்ததை அவர் ஒரே மூச்சில் சொல்லும் கதையாக்கிவிட்டார். 1975இன் முழுப்பதிவில் காலப்பிரமாணம் தளர்ந்திருக்கிறது. படத்தின் தொடக்கத்தில் நம்மை விரட்டும் அந்த வயலின் ஓட்டம் அதில் நடையாகிவிடுகிறது. ஒரு கலைஞர் தன் படைப்பைக் கடைசியாக ஒருமுறை கண்ணெதிரே வைத்துப் பார்ப்பது போன்ற அந்த நிதானத்தை நான் மதிக்கிறேன், ஆனால் அதிலிருந்து தொடங்கச் சொல்லமாட்டேன். படத்தின் வேகம் வேண்டுமென்றால் மெக்நீலியின் பதிவுக்குப் போகலாம்.

எதை வாங்கினாலும் ஒன்றைக் கவனித்துக் கேளுங்கள். இந்த இசையில் குழலும் இல்லை, முரசும் இல்லை; வயலின் முதல் டபுள் பேஸ் வரை தந்தி வாத்தியங்கள் மட்டுமே. கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கறுப்பு வெள்ளை ஒலி வேண்டும் என்பது ஹெர்மனின் எண்ணம். அந்த வாத்தியங்களில் தந்திகளைத் தாங்கும் குதிரை என்ற மரத்துண்டின்மேல் மியூட் என்ற சிறு கவ்வியைப் பொருத்தி, ஒலியை அடக்கியே ஏறக்குறைய முழுப் படத்துக்கும் வாசிக்க வைத்திருக்கிறார். அதனால் நம் காது நெடுநேரம் திரைச்சீலைக்குப் பின்னிருந்து வருவது போன்ற ஒலிக்குப் பழகிவிடுகிறது. குளியலறைக் காட்சிக்கு மட்டும் அந்தக் கவ்விகள் கழற்றப்படுகின்றன. படத்தின் இயக்குநர் ஹிட்ச்காக் முதலில் அந்தக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்று சொல்லியிருந்தார். ஹெர்மன் எழுதி வாசித்துக் காட்டிய பிறகே மனம் மாறினார். உச்ச ஸ்தாயியில் ஒன்றோடொன்று உரசும் சுரங்கள் வில்லின் ஒவ்வொரு இழுப்பிலும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகின்றன. பிறகு செல்லோவும் டபுள் பேஸும் அடியாழத்தில் மூச்சுத் திணறுகின்றன. எல்லாம் சேர்ந்து ஒரு நிமிட அளவுதான். அதை மட்டும் எடுத்துக் கேட்பவர்களுக்கு அது ஒரு கிறீச்சிடல். அதற்கு முந்தைய பகுதிகளை மியூட்டோடு பொறுமையாகக் கேட்டு வந்தவர்களுக்கோ, திரை ஏதும் இல்லாத அறையிலும் தந்தியின் பச்சை ஒலி திடீரென்று முகத்தெதிரே வந்து நிற்கும்.