பதில்: ஸ்வெட்டரில் கெல்டிக் முடிச்சுப் பட்டன்கள் தொங்குகின்றன

வணக்கம். டப்ளினில் வாங்கிய ஆறு பியூட்டர் பட்டன்களைக் கம்பளி ஸ்வெட்டரில் தைத்ததும் பின்னல் இழுபட்டுத் தொங்குகிறது, பட்டன்மேல் உள்ள மூன்று முனை கெல்டிக் முடிச்சும் (இழைகள் ஒன்றன்மேல் ஒன்று பின்னிச் செல்வதுபோன்ற அலங்காரம்) பக்கவாட்டில் திரும்பிக்கொள்கிறது என்று எழுதியிருந்தீர்கள். பட்டன்மேல் குறையில்லை, கவலை வேண்டாம்.

பியூட்டர் பெரும்பாலும் வெள்ளீயம்தான், கனமாக இருக்கும். அந்தக் கனத்தைக் கம்பளி தனியாகத் தாங்காது. ஒவ்வொரு பட்டனுக்கும் துணியின் உள்பக்கம் ஒரு சின்னத் தட்டைச் சட்டைப் பட்டனை வைத்து, இரண்டையும் சேர்த்துத் தையுங்கள். பாரம் அதன்மேல் இறங்கிவிடும். நூலைத் தேன்மெழுகில் ஒருமுறை இழுத்துக்கொண்டால் பின்வளையத்தின் (பட்டனின் பின்னால் நூல் கோக்கும் வளையம்) விளிம்பு அதைச் சீக்கிரம் அறுக்காது.

திரும்புவதற்குக் காரணம் பின்வளையம். அது காஜா போகும் திசையிலேயே படுத்திருக்க வேண்டும், குறுக்கே நின்றால் காஜா பட்டனைத் தள்ளித் திருப்பும். தைக்கும் முன் பட்டனைக் காஜாவில் நுழைத்து, முடிச்சின் முனை மேலே நிற்கிறதா என்று பாருங்கள். நிற்காவிட்டால் காஜாவை நெடுக்காக மாற்றுவதுதான் வழி. (நாலு பக்கமும் ஒத்த முடிச்சு என்றால் இந்தத் தொல்லையே இல்லை.)

இன்னொன்று, மங்குகிறதே என்று புளியோ எலுமிச்சையோ போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். இழைகளின் இடுக்கில் வேண்டுமென்றே கருப்பு ஏற்றியிருப்பார்கள். எந்த இழை மேலே ஏறுகிறது, எது அடியில் நுழைகிறது என்று கண்ணுக்குக் காட்டுவதே அந்தக் கருப்புதான். அது போனால் முடிச்சு வெறும் மேடுபள்ளம். மெல்லிய துணியால் துடைத்தால் போதும். இஸ்திரிப் பெட்டியை மட்டும் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள், வெள்ளீயமே 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும்.