கல்லுக்கு அடியில்

அன்புள்ள ஐயா,

விடுமுறையில் பிள்ளைகளை ஓர் ஓடைக்குக் கூட்டிப்போனேன். கொஞ்ச நேரம் தண்ணீரில் ஆடினார்கள். அப்புறம் ஏழு வயதுச் சின்னவள், “இங்கே ஒண்ணுமே இல்லையேம்மா” என்றாள். எனக்கும் எதைக் காட்டுவதென்று தெரியவில்லை. பெரியவன் தலைப்பிரட்டைகளைப் பாட்டிலில் அடைத்து வீட்டுக்குக் கொண்டுவர அடம்பிடித்தான். விடவில்லை. சரிதானா?

ம.

அன்புள்ள ம.,

நீங்கள் செய்தது சரி. பாட்டில் தண்ணீர் வெயிலில் சீக்கிரம் சூடாகும், ஆக்சிஜன் குறைந்துவிடும். ஆனால் அவன் ஆசையில் தவறில்லை. ஒரு வெள்ளைத் தட்டில் ஓடைத் தண்ணீர் ஊற்றி, சில நிமிடம் அதில் விட்டுப் பார்த்துவிட்டு, பிடித்த இடத்திலேயே விடச் சொல்லுங்கள்.

சின்னவள் சொன்னதுதான் மனதிலேயே நிற்கிறது. ஓடையின் சிற்றுயிர்களில் பல, நீரோட்டம் இழுத்துப் போகாமலும் மீன் கண்ணில் படாமலும் கல்லுக்கு அடியில்தான் இருக்கின்றன. கணுக்கால் அளவுத் தண்ணீர் சலசலத்து ஓடும் இடத்தில் உள்ளங்கை அளவுக் கல் ஒன்றை மெல்லத் திருப்புங்கள். முதலில் பாசிதான் தெரியும். ஒரு நிமிடம் பொறுங்கள். அழுக்கு என்று நினைத்தது நகரும். தட்டை உடம்பு, பெரும்பாலும் மூன்று வால் இழைகள், வயிற்றின் இருபுறமும் துடிக்கும் செவுள்கள் இருந்தால் அது மேஃப்ளை என்ற சிறகுப் பூச்சியின் இளம்பருவம். வளர்ந்து சிறகு முளைத்தபின் அது எதையும் உண்பதில்லை. வாழ்நாளின் பெரும்பகுதி இந்தக் கல்லடியில்தான். பக்கத்திலேயே மணல் துகள்களால் ஆன சின்னக் குழல் ஒட்டியிருக்கலாம். கேடிஸ் புழு, அதாவது கேடிஸ் பூச்சியின் இளம்பருவம், தன் வாயில் ஊறும் பட்டிழையால் ஒட்டிக் கட்டிய வீடு அது. தயவுசெய்து பிய்க்க வேண்டாம்.

கரையோரம் இலைகள் மக்கிக் கிடக்கும் இடத்தில் தட்டானின் இளம்பருவம் கிடைக்கும். பெரியவனுக்கு இது பிடிக்கும்: முகத்துக்கு அடியில் மடித்து வைத்திருக்கும் கீழுதட்டைச் சட்டென்று நீட்டி இரையைப் பிடிக்கும். ஆபத்து என்றால் பின்புறமாக நீரைப் பீய்ச்சி முன்னால் பாயும்.

திருப்பிய கல்லை இருந்தபடியே வையுங்கள். கொசு விரட்டி தடவிய கையைத் தண்ணீரில் விடக் கூடாது, அது நீரில் வாழும் உயிர்களுக்குத் தீங்கு செய்யலாம். தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ ஏறினாலோ மேலே எங்கோ மழை பெய்திருக்கலாம். உடனே எல்லோரும் கரையேறிவிடுங்கள்.

பெயர் தெரியவில்லையே என்று தயங்காதீர்கள். எத்தனை கால், எத்தனை வால் என்று எண்ணி வரையச் சொல்லுங்கள், பெயரை வீட்டுக்கு வந்து தேடலாம். சின்னவள் வரைந்ததை எனக்கும் அனுப்புங்கள்.