கியர்பாக்ஸை இறக்குறதுக்கு முன்னாடி: வாசகர் கேள்வி-பதில்

அண்ணே, பத்து வருஷத்துக்கு மேல ஓடுன ஆட்டோமேட்டிக் செடான் வெச்சிருக்கேன், டார்க் கன்வெர்ட்டர் டைப். பைபாஸ்ல 60, 70-ல ஆக்ஸிலேட்டரை லேசா வெச்சுக்கிட்டுப் போனா வண்டி தடதடன்னு அதிருது. ஷெட்ல பாக்ஸ் போச்சு, ஓவர்ஹால்தான், லட்சத்துக்கு மேல ஆகும்ங்கறாங்க. பேசாம வித்துடட்டுமா? (கோயம்புத்தூர் வாசகர்)

தம்பி, அவசரப்படாதீங்க. டார்க் கன்வெர்ட்டர்னா இஞ்சின் சுத்துறதை ஆயில் வழியா கியர்பாக்ஸுக்குக் கடத்துற சாமான், அதுக்குள்ள ரெண்டையும் நேரா பூட்டுற லாக்-அப் கிளட்ச்னு ஒண்ணு இருக்கு, நீங்க சொல்ற அந்த வேகத்துலதான் அது பிடிக்கும், பிடிக்கும்போது ஒரேடியா கவ்வாம கொஞ்சம் வழுக்கித்தான் பிடிக்கும், அதுக்குன்னே ஆயில்ல சில சரக்கு சேர்த்திருப்பாங்க, ஆயில் பழசானா அந்த சரக்கு செத்துடும், அப்புறம் கிளட்ச் விட்டு விட்டுக் கவ்வும். அந்த அதிர்வுதான் உங்களுக்குத் தெரியுது. ரோடு காலியா இருக்கும்போது, ஆக்ஸிலேட்டரை எடுக்காம இடது காலால பிரேக்கை சும்மா தொட்டுப் பாருங்க, நிறைய வண்டில பிரேக் ஸ்விட்ச் விழுந்ததுமே லாக்-அப் விட்டுடும். அதிர்வு உடனே நின்னா சந்தேகம் அங்கதான். நிக்கலைன்னா ஸ்பார்க் பிளக், காயில் பக்கம் போங்க, மிஸ்ஃபயரும் (இஞ்சின்ல பெட்ரோல் சரியா எரியாம விடுறது) அச்சு அசல் இதே மாதிரிதான் ஆட்டும், அதுக்குப் போய் கியர்பாக்ஸைக் கழட்டுனவங்க எத்தனையோ பேர்.

லாக்-அப்தான்னு தெரிஞ்சா முதல் வைத்தியம் ஆயில் மாத்துறது. 'லைஃப்டைம் ஆயில், மாத்தவே வேணாம்'னு சொல்றதை நம்பி விட்டுடாதீங்க, நம்ம ஊர் வெயில்லயும் டிராஃபிக்லயும் வேகுற ஆயில் அது. ஒண்ணு தெரிஞ்சுக்கங்க, டிரெயின் போல்ட்டைக் கழட்டுனா மொத்த ஆயிலும் வராது, பாதி வந்தாலே அதிகம், மிச்சமெல்லாம் கன்வெர்ட்டர்லயும் கூலர் லைன்லயும் உக்காந்திருக்கும். அதனால ஒரு தடவை மாத்திட்டு சில நூறு கிலோமீட்டர் ஓட்டி, மறுபடி மாத்தி, முடிஞ்சா மூணாவது தடவையும் மாத்துங்க. ஆயில் பேனை (பாக்ஸுக்கு அடியில இருக்குற ஆயில் தட்டு) கழட்ட முடியுற மாடல்னா ஃபில்டரையும் கேஸ்கெட்டையும் சேர்த்தே மாத்திடுங்க, பேனைக் கழட்டும்போது நீங்களும் பக்கத்துல நில்லுங்க. உள்ள இருக்குற காந்தத்துல சாம்பல் கலர்ல மை மாதிரி ஒட்டியிருந்தா அது சாதாரண தேய்மானம், பயப்பட வேணாம். சுருள் சுருளா இரும்புத் துகளோ மினுமினுன்னு பித்தளைத் தூளோ வந்து, ஆயிலும் கருப்பாகி தீஞ்ச வாடை அடிச்சா, அப்ப ஷெட்காரர் சொன்னது நிஜம்.

எந்த ஆயில்ங்கறதுல மட்டும் சிக்கனம் பாக்காதீங்க. மேனுவல்ல போட்டிருக்குற ஸ்பெக் எதுவோ அதேதான், 'எல்லாத்துக்கும் ஒரே ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்)'னு டப்பாவைக் காட்டுனா வேணாம்னுடுங்க. அளவு பாக்குறதும் இஞ்சின் ஆயில் மாதிரி இல்ல, நிறைய வண்டில சமதரையில இஞ்சின் ஓடிட்டு இருக்கும்போது, ஆயில் சூடு சொன்ன அளவுல இருக்குறப்பதான் பாக்கணும். டிப்ஸ்டிக்கே இல்லாத வண்டியும் நிறைய, அதுல ஸ்கேனர்ல (வண்டி கம்ப்யூட்டரைப் படிக்கிற கருவி) டெம்பரேச்சர் பாத்து, லெவல் பிளக் (அளவு பாக்குற மூடி) வழியா செட் பண்ணணும். கூட ஊத்துனாலும் தொல்லைதான், நுரை கட்டி பிரஷர் போயிடும்.

சார், எங்க வீட்டு சின்ன கார் ஏஎம்டி. சில நாள் காலைல டிரைவ் போட்டா விழவே மாட்டேங்குது, N மட்டும் மின்னுது. அஞ்சு நிமிஷம் கழிச்சு சரியாயிடுது. (திருநெல்வேலி வாசகி)

மேடம், 2014-ல மாருதி செலேரியோல வந்ததுல இருந்து நம்ம ஊர்ல தெருவுக்குத் தெரு ஏஎம்டிதான், ஆனா அது உள்ளுக்குள்ள சாதா மேனுவல் கியர்பாக்ஸ்தான்னு பல பேருக்குத் தெரியறதில்ல. நீங்க காலால கிளட்ச் மிதிக்கிறது, கையால கியர் மாத்துறது, இந்த ரெண்டு வேலையையும் ஆக்சுவேட்டர்ங்கற கருவி பண்ணுது, அவ்ளோதான். அதனால டார்க் கன்வெர்ட்டர் மாதிரி பெரிய ஓவர்ஹால்னு யாராவது பயமுறுத்துனா கேக்காதீங்க.

காலைல மட்டும்னா முதல்ல பேட்டரி. வோல்ட்டேஜ் இறங்குனா அந்த கன்ட்ரோல் யூனிட் கண்டபடி கோளாறு காட்டும். அடுத்து, யாரையாவது பின்னாடி நிக்கவெச்சு பிரேக்கை மிதிங்க, லைட் எரியுதா? பிரேக் ஸ்விட்ச் மக்கர் பண்ணுனா நீங்க பிரேக் மிதிச்சதே வண்டிக்குத் தெரியாது, கியரும் விழாது. விலை குறைஞ்ச சாமான் அது. மத்த ஆட்டோமேட்டிக்ல லீவர் P-லயே மாட்டிக்கிட்டாலும் முதல் சந்தேகம் இதே ஸ்விட்ச்தான். ரெண்டும் சரின்னா ஆக்சுவேட்டர் ஆயில் லெவல் பாக்கச் சொல்லுங்க, அப்புறம் ஸ்கேனர் வெச்சு கிளட்ச் லேர்னிங் போடச் சொல்லுங்க, தட்டு தேயத் தேய பிடிக்கிற இடம் மாறும், அதை வண்டிக்குப் புதுசா சொல்லிக் குடுக்கணும்.

கிளட்ச் தட்டே தேஞ்சிருந்தா மாத்தித்தான் ஆகணும், அது மேனுவல் வண்டிக்கும் வர்ற செலவுதான். ஏத்தத்துல பிரேக் பிடிக்காம ஆக்ஸிலேட்டர்லயே வண்டியை நிறுத்தி வெக்கிற பழக்கம் வீட்ல யாருக்காவது இருக்கான்னு கேளுங்க, பாதி தட்டு அப்படித்தான் தீயுது.

டூயல் கிளட்ச் வண்டி வாங்கலாமா, பாக்ஸ் போயிடும்னு பயமுறுத்துறாங்களே? (சேலம் வாசகர்)

ரெண்டு கிளட்ச் மாறி மாறி கியர் மாத்துற பாக்ஸ் அது, பயம் சும்மா வந்தது இல்லீங்க. 2013-ல ஃபோக்ஸ்வாகனே உலகம் பூரா 16 லட்சம் வண்டியைக் கூப்பிட்டு அவங்களோட 7 கியர் டூயல் கிளட்ச் பாக்ஸான டிஎஸ்ஜில சிந்தெடிக் ஆயிலை எடுத்துட்டு மினரல் ஆயில் ஊத்துனாங்க. ஆனா அதுல கெட்டுப்போறது பெரும்பாலும் மெக்காட்ரானிக்ஸ் யூனிட்டோ (கியரையும் கிளட்ச்சையும் இயக்குற மூளை) கிளட்ச் பேக்கோதான், முழு பாக்ஸும் இல்ல. எந்தப் பார்ட்டுன்னு எரர் கோடு காட்டி பிரிண்ட் குடுக்காத ஷெட்ல வண்டியை விடாதீங்க. பழைய வண்டி வாங்குறதா இருந்தா இஞ்சின் நல்லா சூடானதுக்கப்புறம் டிராஃபிக்ல அரை மணி நேரம் ஊர்ந்து பாத்துட்டுப் பேசுங்க.

D-ல இருந்து R-க்கு மாத்துனா 'டொக்'னு இடிக்குது. (தஞ்சாவூர்)

இஞ்சின் மௌண்ட், கியர்பாக்ஸ் மௌண்ட் ரப்பரைப் பாருங்க. ஐடில் (ஆக்ஸிலேட்டர் மிதிக்காதப்ப இஞ்சின் ஓடுற வேகம்) ஏறியிருந்தா, இஞ்சினுக்குக் காத்து விடுற த்ராட்டில் பாடியை கிளீன் பண்ணுங்க. அதுக்கப்புறமும் இடிச்சா மறுபடி எழுதுங்க.

மழைத் தண்ணில பாதி சக்கரத்துக்கு மேல நின்னுச்சு, சிவிடி (கியருக்குப் பதிலா பெல்ட்டும் புல்லியும்) வண்டி. (வேளச்சேரி)

ஐயா, 2015 வெள்ளத்துலயும் 2023 மிக்ஜாம் புயல்லயும் உங்க ஏரியா பட்டது தெரிஞ்சதுதானே. ஸ்டார்ட் பண்ணாதீங்க. கயிறு கட்டியும் இழுக்காதீங்க, கியர்பாக்ஸோட இணைஞ்ச சக்கரம் தரையில உருண்டா ஆயில் பம்ப் ஓடாமலே உள்ள சுத்தும், ஃப்ளாட்பெட் கூப்பிடுங்க. பிரீதர் (பாக்ஸுக்குக் காத்து போற துவாரம்) வழியா தண்ணி புகுந்திருந்தா ஆயில் பால் கலந்த மாதிரி வெளுத்திருக்கும், அப்ப சுத்தமா ஆகுற வரைக்கும் திரும்பத் திரும்ப மாத்தணும். சிவிடி ஆயிலேதான் ஊத்தணும், சாதா ஏடிஎஃப் ஊத்துனா பெல்ட் வழுக்கி புல்லியைக் கீறிடும். இன்சூரன்ஸ்காரங்களுக்கு போட்டோ எடுத்து அனுப்பிட்டு அப்புறம் நகத்துங்க.