சுவரில் பூசணம், பிள்ளைக்கு இருமல்: குழந்தைநல மருத்துவர் பதில்கள்

கேள்வி: டாக்டர், நான்கு வயது மகனுக்கு ராத்திரி ஆனால் இருமல். அவன் கட்டில் ஒட்டிய சுவரில் கறுப்பாகப் பூசணம் இருக்கிறது. அதுதான் காரணமா?

இருக்கலாம். ஓதமும் பூசணமும் உள்ள வீடுகளில் இருமல், வீசிங், ஆஸ்துமா கூடுதலாகக் காணப்படுவதை உலக சுகாதார நிறுவனம் 2009-லேயே தன் வழிகாட்டுதலில் பதிவு செய்திருக்கிறது. ஆனால் ராத்திரி இருமலுக்கு வேறு காரணங்களும் உண்டு. வெளியூர் போய் நான்கைந்து நாள் தங்கும்போது இருமல் அடங்குகிறதா, வீடு திரும்பியதும் மறுபடி தொடங்குகிறதா? அதைக் குறித்துவைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். பல பரிசோதனைகளைவிட அந்தக் குறிப்பு எனக்கு அதிகம் சொல்லும். கட்டிலை மட்டும் இன்றைக்கே நகர்த்திவிடுங்கள்.

கேள்வி: அதே வீட்டில் பெரியவர்கள் நாங்கள் நன்றாகத்தானே இருக்கிறோம்?

உடல் எடைக்குக் கணக்கிட்டால் குழந்தை நம்மைவிட அதிகக் காற்றை இழுக்கிறது. அதன் மூச்சுக்குழாயோ குறுகியது, கொஞ்சம் வீங்கினாலும் இளைப்பு வந்துவிடும். குடும்பத்தில் அலர்ஜி, ஆஸ்துமா இருந்தால் இன்னும் கவனம் வேண்டும்.

கேள்வி: கறுப்புப் பூசணம் விஷம் என்கிறார்களே, எந்த வகை என்று சோதித்துப் பார்க்கட்டுமா?

வேண்டாம். நிறத்தை வைத்து ஆபத்தை அளக்க முடியாது, எந்த வகையானாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான். அந்தப் பணத்தை ஒழுகலைச் சரிசெய்யச் செலவழியுங்கள்.

கேள்வி: ப்ளீச் போட்டுத் துடைத்து, புது பெயின்ட்டும் அடித்தோம். மறுபடி வந்துவிட்டதே!

வரத்தான் செய்யும், ஈரம் அங்கேயே இருக்கிறதே. பூசணத்தைத் துரத்துவதை விட்டுவிட்டுத் தண்ணீர் வரும் வழியைத் தேடுங்கள். சுவரை நன்றாகத் துடைத்து, ஒரு அலுமினியத் தாளை நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டி, ஓரிரு நாள் விடுங்கள். தாளின் வெளிப்பக்கம் வியர்த்திருந்தால் அறைக் காற்றின் ஈரம்: குளியல் ஆவி, சமையல் ஆவி, உள்ளே உலர்த்தும் துணி. சுவரைத் தொடும் பக்கம் நனைந்திருந்தால் சுவர் வழியே தண்ணீர் வருகிறது. குழாய்க் கசிவா, மழைநீரா, அடித்தளத்திலிருந்து ஏறும் ஓதமா என்று பாருங்கள். அறைக் காற்றின் ஈரம் என்றால் எக்ஸாஸ்ட் ஃபேனும் திறந்த ஜன்னலும் போதும், அலமாரியையும் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். சுவர் வழியே வரும் தண்ணீர் என்றால் கொத்தனாரோ பிளம்பரோதான் வர வேண்டும். அறையின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டாமல், முடிந்தால் 30-லிருந்து 50-க்குள் இருக்கட்டும். அளக்கச் சின்னக் கருவி கிடைக்கிறது. எது நனைந்தாலும் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காயவைத்துவிட்டால் பெரும்பாலும் பூசணம் பிடிக்காது.

அப்புறம், சுத்தம் செய்யும் விதம். காய்ந்த பூசணத்தைப் பிரஷ்ஷால் தேய்க்காதீர்கள், வித்துகள் அறை முழுக்கப் பறக்கும். என்95 மாஸ்க்கும் கையுறையும் போட்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள். பிள்ளை அப்போது அந்த அறைப்பக்கமே வரக் கூடாது. ப்ளீச்சோடு அமிலமோ அமோனியாவோ கலந்த கிளீனரைத் தயவுசெய்து சேர்க்காதீர்கள், விஷவாயு கிளம்பும். சுமார் 10 சதுர அடிக்கு மேல் படர்ந்திருந்தால் பயிற்சி பெற்ற ஆட்களிடம் விடுங்கள்.

கேள்வி: மெத்தை, பஞ்சு பொம்மைகள்?

பொம்மையைத் துவைத்து ஈரம் துளியும் இல்லாமல் காயவையுங்கள். பூசணம் உள்ளே இறங்கிய மெத்தையைத் தூக்கிப் போடுங்கள். செத்த பூசணமும் அலர்ஜி தரும்.

கேள்வி: வாடகை வீடு. உரிமையாளர் காதிலேயே போட்டுக்கொள்வதில்லை.

வாய்ப்பேச்சோடு நிறுத்தாதீர்கள். தேதியோடு படமெடுத்து எழுத்தில் கேளுங்கள். மருத்துவரிடம் ஒரு கடிதமும் வாங்கிக்கொள்ளுங்கள், எங்களிடம் இதைக் கேட்கத் தயங்கவே வேண்டாம்.

கேள்வி: என் மகள் புற்றுநோய்க்குக் கீமோ எடுக்கிறாள். வீட்டில் கொஞ்சம்தான் பூசணம்.

அவளுக்குக் கொஞ்சமும் அதிகம்தான். எதிர்ப்புச் சக்தி குறைந்த உடலில் பூஞ்சை நுரையீரலிலேயே தொற்றாக மாறலாம். சுத்தம் முடியும்வரை அவளை வேறு வீட்டில் தங்கவையுங்கள், சிகிச்சை தரும் மருத்துவரிடம் இன்றே சொல்லுங்கள். காய்ச்சலோ மூச்சுத் திணறலோ வந்தால், எந்த நேரமானாலும் நேராக மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.