சட்டக் கேள்வி பதில்: முதலாளியின் மதமும் ஊழியரின் கருத்தடைக் காப்புறுதியும்

கேள்வி: என்னுடைய பெறாமகள் திருமணமாகி அமெரிக்காவில் வசிக்கிறாள். அவள் வேலை செய்யும் நிறுவனம் தரும் மருத்துவக் காப்புறுதியில் ஏனைய சிகிச்சைகள் எல்லாம் அடங்குகின்றன. கருத்தடை மாத்திரைக்கும் கருப்பையில் பொருத்தும் லூப்புக்கும் மட்டும் பணம் தர முடியாது, அது எங்கள் மத நம்பிக்கைக்கு விரோதமானது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்களாம். நாங்கள் இங்கே கிளினிக்கில் இலவசமாகப் பெறும் ஒன்றை, அவ்வளவு வசதியான நாட்டில் ஒரு முதலாளி மறுக்க முடியுமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மல்லாவி

பதில்: முடியும். அந்நாட்டுச் சட்டம் சில வகை முதலாளிகளுக்கு அந்த இடத்தைக் கொடுத்திருக்கிறது. அது நியாயமா என்று கேட்டால், நியாயமில்லை என்பதே என் உறுதியான எண்ணம். ஆயினும் மறுப்பவர்களின் வாதத்தை உள்ளபடி சொன்ன பிறகே என் காரணத்தைச் சொல்வது முறை.

நமக்குக் காய்ச்சல் என்றாலும் பிரசவம் என்றாலும் மல்லாவி வைத்தியசாலைக்கோ மாங்குளம் ஆதார வைத்தியசாலைக்கோ போகிறோம். யாரிடம் வேலை செய்கிறீர்கள் என்று அங்கே எவரும் கேட்பதில்லை. அமெரிக்காவிலோ, வேலை செய்யும் வயதினரில் பாதிக்கு மேற்பட்டோருக்கு மருத்துவக் காப்புறுதி வேலைத்தலத்தின் வழியாகவே கிடைக்கிறது. 2010 மார்ச் மாதம் ஜனாதிபதி ஒபாமா கையொப்பமிட்ட சுகாதாரக் காப்புறுதிச் சட்டம், நோய் வருமுன் காக்கும் சேவைகளுக்கு ஊழியரிடம் தனிக் கட்டணம் வாங்கக் கூடாது என்று விதித்தது. அந்நாட்டின் உணவு, மருந்து நிர்வாகம் ஏற்றுக்கொண்ட பெண்களுக்கான கருத்தடை முறைகளும் அந்தச் சேவைகளுள் அடங்கும் என்று 2011 இல் வழிகாட்டல் வெளியாகி, 2012 ஓகஸ்ட் முதல் நடைமுறைக்கு வந்தது. தேவாலயங்களுக்குத் தொடக்கத்திலேயே விலக்கு இருந்தது. மதச் சார்புள்ள இலாப நோக்கற்ற நிறுவனங்களுக்கு இன்னொரு வழி வகுக்கப்பட்டது. நிறுவனம் தன் ஆட்சேபத்தை எழுத்தில் தெரிவித்தால், காப்புறுதிக் கம்பனியே கருத்தடைச் செலவை நேரடியாக ஏற்கும். வியாபார நிறுவனங்களுக்கு எந்த விலக்கும் இருக்கவில்லை.

அங்கேதான் வழக்கு எழுந்தது. ஒக்லஹோமாவைச் சேர்ந்த ஹொபி லொபி என்ற கைவினைப் பொருள் கடைத் தொடருக்கு அப்போது ஏறத்தாழ 500 கடைகளும் 13,000 இற்கு மேற்பட்ட ஊழியர்களும் இருந்தனர். அதன் உரிமையாளரான கிரீன் குடும்பத்தினர் ஆழ்ந்த கிறிஸ்தவ நம்பிக்கை உடையவர்கள். ஏற்கப்பட்ட 20 முறைகளில் நான்கை மட்டும் அவர்கள் எதிர்த்தார்கள். இரண்டு அவசர கருத்தடை மாத்திரைகளும் இரண்டு வகை லூப்பும் கருவுற்ற முட்டை கருப்பையில் பதிவதைத் தடுக்கக் கூடியவை, ஆகவே அவற்றுக்குப் பணம் கொடுப்பது ஓர் உயிரை அழிப்பதற்குத் துணைபோவதாகும் என்பது அவர்களுடைய நிலைப்பாடு. அந்த நான்கையும் விலக்கிக் காப்புறுதி கொடுத்தால் ஆண்டுக்கு 475 மில்லியன் டொலர் வரையும், காப்புறுதியையே நிறுத்தினால் ஆண்டுக்கு 26 மில்லியன் டொலரும் தண்டப்பணமாகச் செலுத்த நேரிடும் என்ற நிலையில் அவர்கள் நீதிமன்றம் சென்றார்கள்.

அவர்கள் கையில் எடுத்த சட்டத்தின் பிறப்பை அறிந்தால் உங்களுக்கு வருத்தமே மிஞ்சும். ஒரேகான் மாநிலத்தில் போதைப்பொருள் மறுவாழ்வு நிலையமொன்றில் வேலை செய்த இருவர், தங்கள் பூர்வகுடிச் சமயச் சடங்கில் பெயோட்டி என்னும் கள்ளிச் செடியை உட்கொண்டதற்காக வேலை நீக்கப்பட்டு, வேலையற்றோர் கொடுப்பனவும் மறுக்கப்பட்டார்கள். 1990 இல் உச்ச நீதிமன்றமும் அவர்களைக் கைவிட்டது. அந்தத் தீர்ப்புக்கு எழுந்த எதிர்ப்பின் விளைவாக 1993 இல் மதச் சுதந்திர மீட்புச் சட்டம் நிறைவேறியது. ஒருவருடைய மத அனுட்டானத்தின் மீது அரசு பாரிய சுமையை ஏற்றுவதாயின், அதற்கு இன்றியமையாத காரணமும் அதைவிட மென்மையான வழி இல்லை என்ற நிலையும் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். வேலையை இழந்த எளிய மனிதர்களின் வழிபாட்டைக் காக்கப் பிறந்த சட்டம், இருபது ஆண்டுகளுக்குப் பின் ஆயிரக்கணக்கானோருக்கு வேலை கொடுப்பவரின் கையில் போய்ச் சேர்ந்தது.

2014 யூன் 30 அன்று உச்ச நீதிமன்றத்தில் ஐவருக்கு நால்வர் என்ற பெரும்பான்மையில் நிறுவனத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. சில குடும்பத்தினர் கையில் மட்டும் பங்குகள் உள்ள கம்பனியின் உரிமையைக் காப்பது அதன் பின்னால் நிற்கும் மனிதர்களின் உரிமையைக் காப்பதே என்றும், இலாப நோக்கற்ற நிறுவனங்களுக்கு ஏற்கெனவே செய்யப்பட்ட ஏற்பாட்டை இவர்களுக்கும் விரிவாக்கலாம் என்பதால் மென்மையான வழி உண்டு என்றும் நீதியரசர் அலிட்டோ எழுதினார். மாறுபட்ட தீர்ப்பை எழுதிய நீதியரசர் ரூத் பேடர் கின்ஸ்பர்க், லூப் பொருத்தும் செலவு மிகக் குறைந்த சம்பளம் பெறும் பெண்ணின் ஏறத்தாழ ஒரு மாத முழுநேர உழைப்புக்குச் சமம் என்பதைச் சுட்டிக்காட்டினார். பின்னர் டிரம்ப் அரசாங்கம் விலக்கை மேலும் விரிவாக்கி, மத ஆட்சேபம் உடைய முதலாளிகள் அந்த மாற்று ஏற்பாட்டைக்கூடச் செய்ய வேண்டியதில்லை என்று விதி வகுத்தது. அத்தகைய விதியை வகுக்கும் அதிகாரம் அரசாங்கத்துக்கு உண்டு என்று 2020 யூலையில் எழுவருக்கு இருவர் என்ற பெரும்பான்மையில் தீர்ப்பானது. 70,500 முதல் 126,400 வரையான பெண்கள் காப்புறுதியை இழக்கக் கூடும் என்பது அரசாங்கத்தின் சொந்த மதிப்பீடாகவே இருந்தது. இந்த விதிகளை எதிர்த்த வழக்குகள் அதன் பின்னும் கீழ் நீதிமன்றங்களில் தொடர்ந்தன.

கிரீன் குடும்பத்தினருடைய நம்பிக்கை பொய்யானது என்று நான் சொல்லமாட்டேன். அவசர மாத்திரை முட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுவதன் மூலமே வேலை செய்கிறது என்பதை ஏற்று, 2022 டிசெம்பரில் அந்நாட்டு மருந்து நிர்வாகம் லெவோனோர்ஜெஸ்ட்ரல் என்ற அவசர மாத்திரையின் விளக்கத் தாளையே திருத்தியது. எனினும் மருத்துவ விளக்கம் எப்படியிருந்தாலும், தன் மனச்சாட்சிக்கு ஒவ்வாததைத் தான் செய்யாதிருக்க ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு. நான் மறுப்பது அதற்கு அப்பால் உள்ளதை. காப்புறுதி என்பது முதலாளி இரங்கிக் கொடுக்கும் தானம் அன்று. ஊழியரின் உழைப்புக்கு ஈடாகக் கணக்கிடப்பட்ட சம்பளத்தின் ஒரு பகுதியே அது. கள்ளுக் குடிப்பதைப் பாவமென்று கருதும் கமக்காரர், கூலியாள் தவறணைக்குப் போவார் என்று தெரிந்தும் நாட்கூலியை முழுமையாகவே எண்ணிக் கொடுக்கிறார். பணம் கைமாறியதும் அதைச் செலவிடும் மனச்சாட்சி கூலியாளுடையது ஆகிவிடுகிறது. காப்புறுதியிலும் மாத்திரையை விழுங்கும் முடிவை எடுப்பவர் பெறாமகளும் அவருடைய வைத்தியரும்தான். முதலாளி அந்த அறையிலேயே இல்லை.

உங்கள் பெறாமகள் செய்யக் கூடியவை சில உள்ளன. தன் காப்புறுதித் திட்டத்தை முதலாளியே சொந்தப் பணத்தில் நடத்துகிறாரா, காப்புறுதிக் கம்பனியிடம் வாங்கியிருக்கிறாரா என்று எழுத்தில் கேட்கட்டும். வாங்கிய திட்டமாயின் அவர் வசிக்கும் மாநிலத்தின் சட்டம் அதைக் கட்டுப்படுத்தலாம். கருத்தடையைச் சேர்க்குமாறு கட்டளையிடும் மாநிலங்கள் பல உள்ளன. 1993 ஆம் ஆண்டுச் சட்டமோ மாநிலச் சட்டங்களைக் கட்டுப்படுத்துவதில்லை. முதலாளியே நடத்தும் திட்டமாயின் மாநிலச் சட்டம் அதைத் தொடாது. கணவருக்குத் தனியான வேலைத்தலக் காப்புறுதி இருந்தால் அதில் சேர முடியுமா என்றும் பார்க்கலாம். வருமானத்துக்கேற்பக் கட்டணம் அறவிடும் குடும்பத் திட்டமிடல் நிலையங்கள் 1970 ஆம் ஆண்டுச் சட்டமொன்றின் கீழ் அரச நிதியுடன் இயங்குகின்றன. ஓப்பில் என்ற தினசரி மாத்திரைக்கு 2023 யூலையில் வைத்தியர் சீட்டின்றி விற்க அனுமதி வழங்கப்பட்டது. 2024 முதல் அங்குள்ள மருந்துக் கடைகளில் அது கிடைக்கிறது.

கேள்வி: நான் ஒரு கத்தோலிக்கன். மன்னார் பெருநிலத்தில் சிறிய அரிசி ஆலை நடத்துகிறேன். என்னிடம் வேலை செய்வோருக்கு, பெண்கள் உட்பட, கூட்டு மருத்துவக் காப்புறுதி எடுத்துக் கொடுக்க விரும்புகிறேன். கருத்தடைக்கு என் பணம் போகக் கூடாது என்று நான் சொன்னால் அது சட்டவிரோதமாகுமா?
- ஆலை உரிமையாளர், அடம்பன்

பதில்: ஊழியருக்குக் காப்புறுதி எடுத்துக் கொடுக்க முன்வந்த உங்கள் மனம் பாராட்டுக்குரியது. இலங்கையில் ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதமும் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் செலுத்துவது உங்கள் கடமை. மருத்துவக் காப்புறுதி எடுத்துத்தான் ஆக வேண்டும் என்ற பொதுக் கட்டாயம் இல்லை. ஆகவே அதில் எதைச் சேர்ப்பது என்பது உங்களுக்கும் காப்புறுதிக் கம்பனிக்கும் இடையிலான ஒப்பந்தம். கருத்தடையைச் சேர்க்காததற்காக எந்தச் சட்டமும் உங்களைத் தண்டிக்காது. கம்பனி தரும் ஒப்பந்தத்தின் விலக்குப் பட்டியலை முதலில் வாசியுங்கள். மதத்தின் பெயரால் நீங்கள் மறுப்பதற்கு முன்பே வியாபாரக் கணக்கு அதை மறுத்திருக்கக் கூடும்.

ஆனால் ஓர் எல்லை உண்டு. அரசியலமைப்பின் 10 ஆம் உறுப்புரை சிந்தனைக்கும் மனச்சாட்சிக்கும் மதத்துக்கும் முழுச் சுதந்திரம் தருகிறது. அது உங்களுக்கு உரியதைப் போலவே, நெல் அவிக்கும் சைவப் பெண்ணுக்கும் மூட்டை தைக்கும் முஸ்லிம் பெண்ணுக்கும் உரியது. யார் மாத்திரை எடுக்கிறார்கள் என்று விசாரிப்பதோ, அதை வைத்து வேலையில் வேறுபாடு காட்டுவதோ உங்களுக்குத் தகாது. அந்த மாத்திரைகள் அளவுக்கு மீறிய உதிரப்போக்குக்கும் கருப்பை சார்ந்த வேறு நோய்களுக்கும் வைத்தியர்களால் கொடுக்கப்படுபவை என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். செயற்கைக் கருத்தடையை விலக்கிய பாப்பரசர் ஆறாம் பவுலின் 1968 ஆம் ஆண்டுச் சுற்றுமடல்கூட, உடல் நோயைக் குணப்படுத்த வேண்டிய சிகிச்சை கருத்தரிப்பைத் தடுக்கும் என்று தெரிந்தாலும், அந்தத் தடை நோக்கமாக இல்லாதவரை அதைக் குற்றமாகக் கொள்ளவில்லை. உங்கள் பங்குத் தந்தையிடம் கேட்டுப் பாருங்கள். அப்படியான சிகிச்சையையும் சேர்த்து விலக்கிவிடாத ஒப்பந்தமாகத் தேர்ந்தெடுத்தால், உங்கள் மனச்சாட்சிக்கும் பங்கமில்லை, நோயுற்ற பெண்ணுக்கும் இழப்பில்லை.

கேள்வி: நான் கிளிநொச்சியில் ஒரு தொழிற்சாலையில் தைக்கிறேன். கிளினிக் நாள் வேலை நாளாகவே வருகிறது. லீவு எடுத்தால் வரவுக் கொடுப்பனவு போய்விடும். மேற்பார்வையாளர், இதற்கெல்லாம் லீவு கேட்பது பாவம், பிள்ளை கடவுள் தருவது என்கிறார். நான் என்ன செய்யலாம்?
- இரு பிள்ளைகளின் தாய், கிளிநொச்சி

பதில்: தங்கையே, உங்கள் மேற்பார்வையாளர் காப்புறுதி எதையும் மறுக்கவில்லை, ஆனால் விளைவில் அமெரிக்க முதலாளி செய்ததையே செய்கிறார். இலவசமாகக் கிடைக்கும் சேவைக்கு வழியை அடைப்பதும் மறுப்புத்தான். எத்தனை பிள்ளைகள், எத்தனை வருட இடைவெளி என்பதைத் தீர்மானிக்கும் உரிமை பெண்ணுக்கு ஆணோடு சமமாக உண்டு என்று கூறும், பெண்களுக்கெதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 1981 இல் ஏற்றுக்கொண்டது. உங்களுக்கு உரிய வருடாந்த விடுமுறையைக் கேட்கும்போது மருத்துவக் காரணம் என்று எழுதினாலே போதும். என்ன மருத்துவம் என்று அவருக்கு விளக்கத் தேவையில்லை. விடுமுறையையே மறுத்தால் தொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் எழுத்தில் முறையிடுங்கள்.

உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் வேலை நேரத்தைச் சொல்லுங்கள். அவர் வீடுகளுக்கு வருபவர். மாத்திரையும் ஆணுறையும் அவர் மூலம் கிடைக்கும். ஊசி என்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போக வேண்டும். கைத் தோலின் கீழ் வைக்கும் ஜடெல் ஐந்து வருடம் வரையும், செம்பு லூப் பத்து வருடம் வரையும் பயன் தரும் என்பதால், லீவு கிடைக்காதவர்களுக்கு அவை வசதியாகத் தோன்றும். ஆனால் வசதி வேறு, விருப்பம் வேறு. 2013 இல் வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு கிராமங்களில் பெண்களுக்கு உரிய விளக்கமின்றி, அழுத்தம் கொடுத்து இத்தகைய கருத்தடை பொருத்தப்பட்டதாக எழுந்த குற்றச்சாட்டை வன்னியில் எவரும் மறந்திருக்க முடியாது. முதலாளி மதத்தைச் சொல்லி மறுப்பதும், அரச அலுவலர் இலக்கைச் சொல்லித் திணிப்பதும் ஒரே உரிமையைத்தான் பறிக்கின்றன. என்ன முறை, என்ன பக்கவிளைவு, எப்போது அகற்றலாம் என்று கேட்டு, விளங்கிய பிறகே சம்மதியுங்கள். அகற்ற வேண்டும் என்று தோன்றினால் காலம் முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அதுவும் அதே கிளினிக்கின் பொறுப்பு.

அரச சேவையில் உங்கள் சம்மதமின்றி ஏதும் நடந்தால், மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்தில் உடனே முறையிடுங்கள். அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரையின் கீழ் உச்ச நீதிமன்றத்துக்கு அடிப்படை உரிமை மனுச் செய்ய ஒரு மாத அவகாசமே உண்டு. அந்த மாதத்துக்குள் ஆணைக்குழுவிடம் முறையிட்டிருந்தால், விசாரணை நிலுவையிலுள்ள காலம் கணக்கில் எடுக்கப்படாது. தனியார் தொழிற்சாலைக்கு எதிராக இந்த வழி திறக்காது. அதற்குத் தொழில் திணைக்களமே முதல் வாசல். முறைப்பாட்டின் பிரதி ஒன்றில் திகதியிட்ட முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.